வடக்கே ஓடும் ஆறு

2023 செப்டெம்பர் 17, ஞாயிறு

இன்று சென்-அமெடே போய்வந்தோம். மொன்றியலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஓர் ஆறு, ஒரு தேவாலயம், ஒரு பாடசாலை, தெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடை. ஆயிரத்து முந்நூறு பேர். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெருச் சனத்தை அள்ளிக்கொண்டுபோய் ஆற்றோரம் தூவிவிட்டால் அந்த ஊர் வந்துவிடும்.

என் கணவருக்கு முழங்கால் போய்விட்டது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி; வெளியே சுருண்டு ஏறும் இரும்புப் படி, ஐஸ் பிடித்தால் இறங்க முடியாது. அதனால்தான் நிலத்தோடு ஒரு வீடு தேடுகிறோம். வீடு விற்றுக்கொடுக்கும் ரதீசன் காட்டிய வீட்டின் பின்பக்கம் ஆறு. இவர் உள்ளே போகவேயில்லை. பாசையூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இருபத்தைந்து வருடம் டோர்வலில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றிய மனுஷன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இஞ்சேரும், இதுதான் வீடு."

எனக்கு ஊர் பிடித்தது. வீடு பிடிக்கவில்லை. ஏன்?

செப்டெம்பர் 19, செவ்வாய்

ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஊரின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். காணிகளெல்லாம் பாண் ரொட்டியைச் சீவிய மாதிரி ஒடுங்கி நீண்டு கிடக்கின்றன; ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம் ஆற்றங்கரை. பழைய ஆட்கள் கெட்டிக்காரர். ஆனால் அவர்கள் வீட்டைக் கரையில் கட்டவில்லை. தேவாலயம், பாடசாலை, பழைய வீடுகள் எல்லாம் மேட்டில். செத்தவர்களைக்கூட மேட்டில் வைத்த ஊர். கரையில் இருப்பவை பிறகு வந்த வீடுகள்.

இன்னொன்று. ஆறு வடக்கே ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே ஐஸ் முதலில் உருகும். வடக்கே இன்னும் இறுகிக் கிடக்கும். என் பழைய புவியியல் வகுப்பில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன்: பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் எல்லாம் ஓடி வருகிறார்கள், வாசல் கேற் இன்னும் பூட்டு. முன்னால் நிற்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்?

அந்த வீடுதான் முன்னால் நிற்கிற பிள்ளை.

செப்டெம்பர் 20, புதன்

சொன்னேன். சிரித்தார்.

"மழையே இல்லாமல் வெள்ளமோ? மாரியில வாற வெள்ளத்தை எனக்குத் தெரியாதே? ஏப்ரல்ல இஞ்ச ஒரு தூறல்தான்."

"ஆறு மாசத்து மழை பனியாக் கிடக்குதப்பா."

"ரீச்சர், பென்ஷன் எடுத்தாச்சு. பாடம் முடிஞ்சுது."

ரதீசன் போனில்: "அன்ரி, அது ரிவர் வியூ. இன்சூரன்ஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வேற ஒரு சோடியும் கேக்கினம். அங்கிள் கெதியா முடிவெடுக்க வேணும்."

இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். நான் போட மாட்டேன் என்றேன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரில் ஒரு வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். இருக்கிறதெல்லாம் போட்டு வாங்கப்போகிற வீடு இது. இதையும் விட்டிட்டு ஓடச் சொல்லுறாரோ? ஏலாது. என்னால ஏலாது. போடமாட்டன்.

செப்டெம்பர் 21, வியாழன்

இவர் கதைக்கவில்லை. மீன் குழம்பை மட்டும் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

மகள் அஜந்தா டவுன்டவுனிலிருந்து வந்தாள். எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு இரண்டு பேருக்கும் ஏசினாள்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? ஆறோ மேடோ, அங்க ஒரு தமிழ் ஆள் இல்லையம்மா."

நான் விளக்கினேன். அந்த ஊரின் குடித்தொகைக் கூம்பகம் தலைகீழாக நிற்கிறது. மேலே எண்பது வயதுக்காரர் நிறைய. அடியில் பிள்ளைகள் இல்லை. பாடசாலையில் மூன்று வகுப்பு ஒரே அறையில். இப்படிப்பட்ட ஊருக்கு ஆள் வேண்டும்.

"நீங்கள் போனாலும் மேல் பக்கம்தானே கூடும் அம்மா?"

இவர் பக்கென்று சிரித்துவிட்டார். நாலு நாளைக்குப் பிறகு வீட்டில் முதல் சத்தம்.

இரவில் யோசித்தேன். உண்மையிலேயே ஆற்றுக்குத்தான் பயமா, அல்லது இடம் மாறவே பயந்து புவியியலைச் சாட்டுகிறேனா? படம் பார்த்துச் சொன்னது போதாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் பிழையென்றால் கையெழுத்துப் போடுவேன்.

ஒக்டோபர் 7, சனி

இவர்தான் கூட்டிக்கொண்டு போனார், முகத்தை நீட்டிக்கொண்டு.

கரையில் வரிசையாக மேப்பிள் மரங்கள். போன தடவை தண்ணீரைப் பார்த்தோம், மரத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் தெற்குப் பக்கத்துப் பட்டை உரிந்து, உள்மரம் தெரிந்தது. எல்லாம் என் தோள் உயரத்தில்.

"வள்ளம் கட்டின கயிறு உரசியிருக்கு," என்றார். "எங்கட கரையில எல்லா மரத்திலயும் கிடக்கும்."

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "இந்த உயரத்தில கயிறு உரச, வள்ளம் எங்க நிக்க வேணும்?"

கேள்வி கேட்டால் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அது என் பழைய பழக்கம்.

காயத்தில் உள்ளங்கையை வைத்தார். அந்த உயரத்திலேயே கையை நீட்டிப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினார். கை நேரே சமையலறை யன்னலின் அடிச்சட்டத்தைக் காட்டியது.

"கயிறில்லை," என்றார். "ஐஸ். கட்டி கட்டியா வந்து இடிச்சிருக்கு."



ஒக்டோபர் 9, திங்கள்

இவர் ரதீசனோடு கதைத்ததைக் கேட்டேன்: "தம்பி, ஊர் அதுதான். மேட்டில ஒண்டு பாரும். ரீச்சருக்குக் கால் நனையக் கூடாதாம்."

என் தலையில் போட்டுவிட்டார். பரவாயில்லை.

2024 ஜூன் 15, சனி

பாடசாலைக்குப் பின்னால் சிறிய வீடு வாங்கி வந்துவிட்டோம். ஒரு யன்னலிலும் ஆறு தெரியாது. மாட்டு மணம் தாராளமாக வரும். இவருடைய நீக்கிலாப்பிள்ளை என்ற பெயர் இரண்டு கிழமையில் 'முசியூ நிக்கொலா' ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மதாம் ஜினெத் வந்ததும் கேட்டது, எங்களோடு பிள்ளைகள் யாரும் இருக்கிறார்களா என்றுதான். இல்லை என்று சொல்ல எனக்கே மனவருத்தமாக இருந்தது.

கரை வீட்டை மத்தியூ என்ற இளம் பிள்ளையும் மனைவியும் வாங்கியிருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. இவர் தினமும் இறங்கிப் போய் மத்தியூவோடு தூண்டில் போடுகிறார். மரத்துக் காயங்களைத் தன்னுடைய பிரெஞ்சில் காட்டிச் சொன்னாராம்.

"என்ன சொன்னவன்?"

"கன வருஷமா ஒண்டும் வரேல்லையாம். எனக்கொரு பியர் தந்தவன்."

2025 ஏப்ரல் 12, சனி

மூன்று நாளாக நல்ல வெயில். ஒரு துளி மழை இல்லை. விடியற்காலையில் ஆற்று ஐஸ் வெடிக்கிற சத்தம் இங்கே வரை கேட்டது. பத்து மணிக்குக் கரைத் தெரு தண்ணீருக்குள்.

தீயணைப்புக்காரர் வள்ளம் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்க, இவர் கையை உயர்த்திவிட்டார். முழங்காலைப் பற்றி நான் வாய் திறக்க முதல், "இருந்துகொண்டுதானே ஓட்டுறது" என்று போய்விட்டார். முதலில் மத்தியூவின் மனைவியையும் குழந்தையையும் கொண்டுவந்தார். பிறகு இரண்டு கிழவர்களை. பாடசாலை மண்டபம் நிரம்ப, மிச்சம் எங்கள் வீட்டுக்கு. மதாம் ஜினெத் போர்வைகளோடு வந்து என் அடுப்படியைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

மத்தியானம் இடுப்புவரை நனைந்து வந்தார். சப்பாத்தையும் ஈரக் கால்மேஸையும் கழற்றி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ரீச்சர், தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி வையும். மத்தியூவும் அவன்ர தாயும் வருகினம்."

"ஓம்," என்றேன். உலர்ந்த கால்மேஸ் சோடியொன்று எடுத்துக் கொடுத்தேன்.

குழந்தை எங்கள் கட்டிலில் எழும்பிவிட்டது. குழந்தையின் தாய் 'மதாம், மதாம்' என்று கூப்பிடுகிறாள். போகிறேன்.