இரண்டு அடி பின்னால்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய். அதை நம்பாமல்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அடுத்த டிரிப்புக்கு அரைமணி இருக்கிறது. பஸ்ஸின் ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மா பல் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பேசிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் கால்பந்து ஆட்டத்தை டிவியில் பார்க்க மாடி வீட்டுக்காரர் வந்திருந்தார். அந்தக் கோல் விழுந்ததும், உங்க பொண்ணு பயந்துட்டா சார் என்றார். டிவியில் பேசியவரும் அதையேதான் சொன்னார். எதிரணியிடம் பந்து போன மறுநொடி உங்கள் முன்வரிசை பாய்ந்து நெருக்குகிறது, நடுவரிசை கூடவே முன்னால் ஏறுகிறது. கடைசியில் நிற்கும் நீங்கள் நான்கு பேரும் ஏறி, ஒரே கோடாக நிற்க வேண்டும். மூன்று பேர் ஏறினார்கள், நீ ஏறவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டி நின்றதற்கு ஆஃப்சைடில் மாட்டியிருக்க வேண்டிய எதிரணிக்காரி தாராளமாக ஓடிப்போய் கோல் போட்டாள்.

பயமாம். பதினெட்டு வருடமாக லீவு நாளெல்லாம் மைதானத்து ஓரத்தில் கொடி பிடித்து ஓடுகிற லைன் நடுவர் நான். கடைசித் தடுப்பாட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதுதான் என் வேலையே. நீ ஆட்டம் முழுக்க இரண்டு அடி பின்னால் நின்றாய். மேலே ஏறி நின்றால், தலைக்கு மேல் பந்து போகும்போது சட்டென்று திரும்பி ஓட வேண்டும். திரும்பினால் இடது முழங்கால் தாங்காது. இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நான்கு தடவை வலப்பக்கமாகச் சுற்றி வந்தாய்.

மாடி வீட்டுக்காரரிடம் சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஸ்கேன் எடுத்த அன்று, ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, இன்னொரு தடவை முறுக்கினால் முழுதும் போய்விடும் என்றார் டாக்டர். யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா, டீம்ல இந்த இடம் போச்சுன்னா திரும்பக் கிடைக்காது என்று நீ என் கையைப் பிடித்துக் கெஞ்சினாய். நானும் அம்மா தலைமேல் சத்தியம் செய்துவிட்டேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன்.

நேற்று அம்மா, டிவியில பார்த்தேன், அவ நடையே சரியில்லையே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். ஷூ புதுசு என்றேன். நம்பிவிட்டாள். அவள் நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் பயிற்சியாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மூன்று நாளாகத் தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டி வண்டி ஓட்டுகிறேன்.

சனிக்கிழமை அரையிறுதி. எனக்குத் தெரிந்தது எதிரணிக்குத் தெரியாமலா இருக்கும்? பந்தை உன் இடப்பக்கம் பின்னால்தான் போடுவார்கள். நீ பயந்தவளாக இருந்தால் விட்டுவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும், திரும்பி ஓடுவாய்.

இதை உன் ஊர்ப் பக்கம் போகும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆடாதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. கிடைத்ததும் ஒரே ஒரு வரி மெசேஜ் அனுப்பு, கோச்கிட்ட சொல்லிக்கோங்கப்பா என்று. நான் செய்த சத்தியத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, கண்ணு.

ஜெயித்தாலும் தோற்றாலும் நீ நடந்து வீட்டுக்கு வர வேண்டும். நன்றாக இரு.

கை கட்டி உட்கார்ந்திருக்கும்,
அப்பா