மாமா படித்துச் சொன்ன நோட்டீஸ்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் உட்கார்ந்து மாமாவும் கேட்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன். அப்பா போன பிறகு, கரண்ட் கனெக்‌ஷனை உன் பெயருக்கு மாற்றத்தான் என்று மாமா உன்னிடம் கையெழுத்து வாங்கினாரே, அது வீட்டையே அவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரம். பதிவு அலுவலகத்தில் "சம்மதமாம்மா?" என்று கேட்டதற்கு, "தம்பி சொன்னா சரிதாங்க" என்றாயாம். தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

அதை ரத்து செய்யச் சொல்லி மாமாவுக்கு வக்கீல் அம்மா நோட்டீஸ் அனுப்பப் போகிறார். உனக்கு வரும் நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டு.

கோபத்துடன்,
மகள்

ஜூன் 13

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை கோபத்திலேயே வயிறு நிரம்பிவிடுகிறதா?

வக்கீல் அம்மாவின் காகிதம் வந்தது. பத்திரத் தமிழ் எனக்கு எங்கே புரிகிறது? மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "ஒண்ணுமில்லக்கா, வீட்டு வரி சமாச்சாரம்" என்றான்.

அம்மா

ஜூன் 20

அம்மா,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. யார்மேல் நோட்டீஸோ அவரிடமே கொடுத்தா அர்த்தம் கேட்பாய்? வக்கீல் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முன் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராமே மாமா. அதையும் பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இன்றைக்கு முன் அறை, நாளைக்கு முழு வீடு. அப்புறம் நீ எங்கே போவாய்?

அந்த நோட்டீஸையே பெரிய எழுத்தில், சாதாரணத் தமிழில் எழுதி வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து நீயே படி.

மகள்

ஜூலை 12

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

பெரிய எழுத்தில் அனுப்பியதையும் மாமாவிடம்தான் கொடுத்தேன். கத்தாதே, முழுக்கப் படி. அவன் பெண்டாட்டியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "இதையும் படிச்சுச் சொல்லுப்பா" என்றேன். "இதுவும் வரிதான்க்கா" என்றான். அவள் வெடுக்கென்று பிடுங்கி உரக்கப் படித்தாள். 'அக்கா வைத்த நம்பிக்கையைப் பயன்படுத்தி ஏமாற்றி' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தாள். மறு வாரம் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரத்தைத் திருப்பி எழுத வைத்தவளும் அவள்தான். வீடு என் பெயருக்கு வந்துவிட்டது.

உன் அம்மா அவ்வளவு அசடு இல்லை. நீ சொன்னபோது நம்பவில்லைதான். ஆனால் முதல் காகிதம் வந்த அன்றே நிறுத்தி நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டேன். அப்புறமும் அவனிடம் நீட்டியது, இப்போதாவது "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று வாய் திறப்பானா என்றுதான். திருப்பி எழுதிவிட்டுப் பதிவு அலுவலகத்திலிருந்து வரும்போதும் ஆட்டோவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். வழியெல்லாம் வெயிலைப் பற்றியே பேசினான்.

வாசலில் இறங்கியதும், இனிமேல் இங்கே வராதே என்று சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. நினைத்தால் அழுகையாக வருகிறது.

லீவு கேட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ. வந்து, வீடு கிடைத்துவிட்டதே என்று மட்டும் சொல்லாதே.

அம்மா