நைனாவுக்கு, சாட்சி சொல்லப் போகும் முன்

நைனா,

நான் வாக்கப்பட்டு வந்த படப்பையில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே யாரோ வீடு கட்டுகிறார்கள். நேற்று மழைக்குச் சிமெண்ட் மூட்டைகளைப் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றால் மூடியிருந்தார்கள். பார்த்தால் நீ. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பாதிச் சிரிப்பு. தேர்தல் வந்தாலொழிய யாரையும் கும்பிடாத மனுஷன், சிமெண்டைக் கும்பிட்டுக்கொண்டு நனைந்தாய். சிரிப்பு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது.

நீ நல்லதே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வயலெல்லாம் கம்பெனியானபோது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை தரும்வரை நகரமாட்டேன் என்று, பஞ்சாயத்துத் தலைவராகக் கம்பெனி கேட்டுக்கு எதிரே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது நீதான். எனக்கும் காலனி அமுலுவுக்கும் ஒரே லைனில் வேலை கிடைத்தது அப்படித்தான். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் போட்டதும் நீதான்.

பிறகு, காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோன அந்தக் காலை. அவர்கள் பிணம் தூக்கிப் போகும் வரப்பு கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. சுடுகாட்டுக்குப் போக மிச்சம் இருந்தது நம் தெரு ஒன்றுதான். அந்த வழியாக வந்தார்கள். நீ தெருமுனையில் மறித்தாய். "தண்ணி குடுத்தேன். இப்ப தெருவும் கேக்குதா?" என்றாய். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதல் கல்லை எறிந்தது நீ. அப்புறம் உன் ஆட்கள் எறிந்தார்கள். அமுலுவின் அண்ணன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாடைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ஆட்களோடு காலனிக்குள் போனார்; இரண்டு குடிசை எரிந்தது. பிணத்தை ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போனார்கள்.

நீயும் சித்தப்பாவும் வந்து கால் கழுவி, வேட்டி மாற்றி, டிவி எதிரே உட்கார்ந்தீர்கள். "போலீஸ் கேட்டா, ரெண்டு பேரும் காலைல இருந்து வூட்லதான் கீறாங்கன்னு சொல்லு" என்றாய். இன்ஸ்பெக்டருக்குக் காபி கொடுத்துக்கொண்டே அப்படியே சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் போன பிறகு என் தலையில் கை வைத்து, "நீ ஆம்பளப் புள்ளயா பொறந்திருக்கணும்" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இப்போது கூசுவது அதை நினைத்துத்தான்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன்னை அதே தெருவில்தான் தூக்கிப் போனோம். பட்டாசு, கட்சிக் கொடி, தெரு நிறையப் பூ. எதிரே பைக்கில் வந்த அமுலுவின் அண்ணன் இறங்கி, வண்டியை நிறுத்தி, ஊர்வலம் கடக்கும்வரை ஓரமாக நின்றார். அவருக்கு அந்தக் கண் திரும்ப வரவேயில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. நீ செத்ததும் உன் பெயரை எடுத்துவிட்டார்கள், சித்தப்பா மிச்சம். அவர் பக்கத்துச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அன்று சொன்னதையே திரும்பச் சொன்னால் தப்பித்துவிடுவார். சம்மன் வந்த மறுநாள், கேன்டீனில் அமுலுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதால் மன்னித்துவிடுவாள் என்று உள்ளூர ஒரு ஆசை. அவள் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்கண்ணன் கண்ணு வந்துடுமா? சொல்ற எடத்துல சொல்லு."

ஷிப்ட் முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இரண்டடி தள்ளித்தான் நின்று வேலை செய்கிறோம்.

சித்தப்பா இனி என் வீட்டுப் படி ஏறமாட்டார். அம்மா என்ன செய்வாளோ தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, நைனா. உன்னைத் தேடிக்கொண்டும் இருக்கிறது மனசு. இரண்டில் எதையும் இறக்கிவைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகிறேன். வேறு யார் வாயாலும் நீ கேட்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கூண்டில் ஏறியதும் என் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்பார்களாம். சத்தமாகச் சொல்வேன். அதற்குப் பிறகு, முதல் கல்லை எறிந்தது யார் என்று கேட்டால், அதே பெயரைத்தான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.