மூன்றாவது படத்தை முழுதாகப் பார்

யோகா,

அழுது ஓய்ந்து இப்போதுதான் தூங்கினாய், எழுப்ப மனமில்லை. மாப்பிள்ளை வீட்டில் நிச்சயத் தேதி பேச வாசுதேவநல்லூர் போகிறோம். வேலையில் சேர்ந்த பிறகுதான் கல்யாணம் என்று நீ சொன்னது உன் அப்பா காதில் ஏறவில்லை. "கிரில் கேட்டை வெளிய பூட்டிட்டு வாட்டி, வந்து அவகிட்ட பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். உன் போனும் அவர் பையில்தான். பூட்டத்தான் போகிறேன்.

குக்கரில் சோறு, சட்டியில் புளிக்குழம்பு. பட்டினி கிடக்காதே.

எனக்காகப் பென்டிரைவில் பழைய திகில் படங்கள் ஏற்றித் தந்தாயே, நீ ஒன்றும் பார்த்ததில்லை. ரயிலில் கொலை நடக்கிற படம் நன்றாக இருக்கும். செத்தவன் போன் பண்ணுகிற படத்தில் கடைசிவரை ஆள் யாரென்றே தெரியாது. ஒன்றுதான் பார்க்க முடியுமென்றால் மூன்றாவதைப் பார். பங்களாவில் ஒருத்தியை அடைத்து வைத்திருப்பார்கள். மாற்றுச் சாவி பூஜை அறைக் குங்குமச் சிமிழுக்குள்ளேயே கிடக்கும். இடைவேளைக்குப் பிறகுதான் அது அவளுக்குத் தெரியும். அப்பா எந்தப் படத்திலும் இடைவேளைவரை விழித்திருந்ததில்லை.

குளித்துவிட்டு, சாமி அலமாரியில் இருக்கிற கோமதி அம்மன் புற்றுமண்ணை நெற்றியில் வைத்துக்கொள். டப்பாவின் அடிவரை விரலை விட்டு எடு.

அப்பா கேட்டால் சினிமாக் கதைதான் எழுதினேன் என்பேன்.

அம்மா

வேலை ஆர்டரும் சர்டிபிகேட்டும் டிவிக்குப் பின்னால். நாங்கள் திரும்ப ஆறு மணியாகும்.

ஹாரன் அடிக்கிறார். மூன்றாவது படத்தை நான் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்.