அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு வருவார்கள்?

ஜூன் 3, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு விவாதப் பயிற்சி தொடங்கினேன். இருபதாம் திகதி பதுளையில் போட்டி. தலைப்பு: வேற்றுக்கிரகவாசிகள் நமது பூமிக்கு வர விரும்பினால், எதற்காக விரும்புவார்கள்? லுணுகலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பஸ் வருவதே நிச்சயமில்லை. இவர்கள் வேற்றுக்கிரகத்திலிருந்து வருவார்களாம்.

துஷாந்த் எழுந்து, "வந்தா அவங்க பாவம் டீச்சர். எறங்குன ஒடனே நம்ம ஆளுங்க சுத்தி நின்னு கூரைக்குத் தகரம் கேப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான். பொய்யில்லையே. தோட்டத்துக்குள் ஒரு வெள்ளை வேன் நுழைந்தால் போதும், யார் எவர் என்று யாரும் கேட்பதில்லை. குறையைச் சொல்ல வரிசை வீட்டு லயமே திரண்டு போய்விடும். வந்தவர் போய்விட்டால் பிறகு யாரைப் பிடிப்பது?

மாலையில் ரஜீவ் அழைத்தார். "அம்மா பதினைஞ்சாம் திகதி உங்கட வீட்டை வாறா. உம்மைப் பாக்க வேணுமாம்."

கல்யாணம் பேச, இரண்டு வருடமாக இதற்குத்தான் காத்திருக்கிறோம். ரஜீவின் அம்மா சரோஜாதேவி மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் இத்தனை காலம் இருந்தும் ஒரு லயத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர் வேண்டாம் என்றால் ரஜீவ் மீறமாட்டார். மீறச் சொல்ல எனக்கும் மனம் வராது.

ஜூன் 5, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல் வராத குறை. "அவ்வளவு பெரிய எடத்துலேருந்து நம்ம லயத்துக் காம்பராவுக்கு எதுக்கு வாராங்க?" என்று இரண்டு நாளாக அதே கேள்வி. நான் வகுப்பில் கேட்கும் அதே கேள்விதான், அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். சுவரை விட மீசையில் அதிகம். ஸலீம் நானா கடையில் நல்ல பால்மாவாகப் பார்த்து வாங்கி வந்தேன். பாலில்லாமல் வெறும் சாயத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினால் என்ன நினைப்பார்?

ஜூன் 8, ஞாயிறு

விவாதத்துக்குப் படித்தேன். தண்ணீருக்காக வருவார்கள் என்று எழுதலாம் என்றால், வால்வெள்ளியிலேயே வேண்டிய அளவு பனிக்கட்டி இருக்கிறது. இரும்பு, தங்கம் எல்லாம் விண்கற்களில் சும்மா கிடக்கிறது. அள்ளிக்கொண்டு போக இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. வேறெங்கும் இருப்பதாக இதுவரை தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது — உயிர். புல், அட்டைப்பூச்சி, நாங்கள். அப்படியானால் எங்களைப் பார்க்கத்தான் வருவார்கள்.

பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அம்மா கொழுந்து பறிக்கும்போது ரோட்டில் நின்று படம் எடுத்துவிட்டு வேனில் ஏறிப் போகிறவர்கள் எத்தனை பேர். ஒருவராவது பெயர் கேட்டார்களா?

நாளைக்கு இதை விதுஷாவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கள் லயத்துப் பிள்ளை, குழுவில் யோசிக்கிறவளும் அவள்தான்.

ஜூன் 9, திங்கள்

சொன்னேன். விதுஷா பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். "மொதத் தடவ சும்மா பாக்கத்தான் டீச்சர் வருவாங்க. ரெண்டாந் தடவையும் வந்தாத்தான் நம்மள புடிச்சிருக்குன்னு அர்த்தம்."

இதையே முடிவுரையாக வை என்றேன்.

ஜூன் 14, சனி

மலையிலிருந்து லயத்துக்கு வரும் பீலிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. காற்று வேறு. நாளைக்கு எப்படித் தலை முழுகப் போகிறேனோ.

ஜூன் 15, ஞாயிறு

எங்கே தொடங்குவது? சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். அதுவும் வெள்ளை வேனில்! நான் பின்பக்கம் தலையில் சீயக்காயோடு நிற்கிறேன். முன்னால் ஒரே சத்தம். தண்ணீர்ப் பிரச்சினைக்கு யாரோ மேலதிகாரி வந்துவிட்டார் என்று லயமே கூடிவிட்டது. ஈரத் துண்டோடு ஓடிப் போய் எட்டிப் பார்த்தால், கோயில் நாற்காலியில் சரோஜாதேவி அம்மா. கழுத்தில் மாலை. நாங்கள் சாமிப் படத்துக்கு வைத்திருந்த மாலை!

எல்லாருக்கும் முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் என் அப்பா. "மேடம், பீலியில தண்ணி இல்லீங்க. கக்கூசு கதவு ஒடைஞ்சு போயிருக்குங்க. எங்க வீட்டுல இன்னைக்கு விசேசம் வேறங்க, சம்பந்தகாரவுங்க வாராங்க, மானம் போயிடும்."

வேன் பக்கத்தில், அப்பா இதுவரை பார்த்திராத ரஜீவ் கல்லாய் நின்றார்.

அந்த அம்மா அசையவில்லை. "எத்தினை நாளாத் தண்ணி இல்லை? தண்ணித் தாங்கி எங்கை கிடக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பிறகு தன்னிடம் முன்பு வேலை பழகிய யாருக்கோ போன் எடுத்தார். "தம்பி, நான் சரோஜாதேவி கதைக்கிறன். ஒருக்கா வந்து பாக்க ஏலாதோ? நாளைக்கே வாரும்." போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நான்தான் அந்தச் சம்பந்தகாரி."

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சரோஜாதேவி அம்மா பால் தேத்தண்ணீரில் பாதியைக் குடித்தார். என்னிடம் என்ன படிப்பிக்கிறீர் என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். "ம்" என்றார். போகும்போது "போட்டு வாறன்." அவ்வளவுதான். பிடித்ததா இல்லையா? ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரஜீவ் அழைத்தார். "அம்மா ஒண்டும் சொல்லேல்லை." ஒண்டும் சொல்லேல்லை என்றால் என்ன அர்த்தம்? ஏன் நீங்க கேக்கக்கூடாதா? வாயில என்ன இருக்கு? கோபத்தில் இப்படியே கேட்டுவிட்டேன். பிறகு அழுகை வந்தது.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாம் இடம்! துஷாந்தின் தகரத்துக்கு நடுவர்களே சிரித்தார்கள். விதுஷா அந்த 'இரண்டாந் தடவை' முடிவுரையைச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. நான் மட்டும் கைதட்ட மறந்து வாசலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் பீலியில் தண்ணீர் கொட்டுகிறது. நேற்று ஆட்கள் வந்து மலையில் உடைந்திருந்த குழாயை மாற்றினார்களாம். அப்பா ஐந்தாறு தரம் குளித்திருப்பார்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் பீலியடியில் அம்மாவோடு துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கும் பக்கமிருந்து குடையை ஊன்றியபடி யாரோ மெதுவாக ஏறி வந்தார்கள். வேன் இல்லாததால் யாரும் கூடவில்லை. கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, சரோஜாதேவி அம்மா. ரஜீவ் இல்லை. தனியாக.

"தண்ணி வருதோ எண்டு பாக்க வந்தனான்" என்றார் அம்மாவிடம். அம்மா பதறிப்போய்ப் பால்மா எடுக்க ஓடப் பார்த்தார். "பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அண்டைக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. நீங்கள் குடிக்கிற வெறும் தேத்தண்ணியைத் தாங்கோ."

அம்மாவும் அவரும் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். "உங்கட பேரைக் கேக்காமலே அண்டைக்குப் போட்டன்" என்றார் அவர். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு "பெரியாயிங்க" என்றார்.

நான் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். அந்தப் பக்கம் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த விதுஷா, அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இரண்டு விரலைக் காட்டினாள்.