இரவல் போன பாட்டன்மார்

மச்சான்,

உன் நினைவு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. கடைக்குப் பால் இறக்கிக்கொண்டிருந்த நேரம். உறையைக் கிழித்ததும் புது அச்சு மையின் வாசம் மூக்கில் ஏறியது. அட்டையில் நீ சிரிக்கிறாய். தலையில் அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பி. அல்மாட்டிச் சந்தையில் வாங்கி, ஐந்து குளிர்காலம் நாம் இருவரும் மாறி மாறிப் போட்ட தொப்பி. படிப்பு முடிந்து பிரியும்போது அது உன் பெட்டிக்குள் போய்விட்டது. அதைப் பற்றி நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை.

செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் புத்தகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. முதலில் தேவாரம், பிறகு சங்கங்களின் அனுதாபச் செய்திகள், பிறகு உன் படங்கள். நடுப்பக்கத்தைத் திறந்தால் இரண்டு பக்கமும் விரித்து ஒரு வம்சாவளி. ஏழு தலைமுறை. அடியில் உன் அப்பா, அவருக்கு மேல் உன் பாட்டன், பூட்டன். அந்த மூவரின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு மேல் இன்னும் நாலு பேர்: வேலாயுதர், முத்துக்குமாரர், கதிரவேலர், எல்லாருக்கும் உச்சியில் சின்னத்தம்பி உடையார். நான் பால் பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். ஒரு பெண் வந்து பாண் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையப் பாண் இருந்தது.

அந்த நாலு பேரும் என்னுடைய ஆட்கள், மச்சான். அது இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

நாம் முதலில் கண்டது கொழும்பு விமான நிலையத்தில். ஒரே சோவியத் புலமைப்பரிசில், பக்கத்துப் பக்கத்து ஊர். ஊரில் என்றால் உன் வீட்டுக் கிணற்றில் நான் தண்ணீர் அள்ள முடியாது. நீயும் என் வீட்டுப் படி மிதித்திருக்க மாட்டாய். பெயரையும் ஊரையும் சொன்ன உடனேயே மற்றவன் யார் என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. அல்மாட்டி விடுதியில் முதல் நாள் நம்மிடம் ஒரு கோப்பைதான் இருந்தது. நான் குடித்து வைத்த தேநீரை எடுத்து மிச்சத்தை நீ குடித்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “ஊர்க்கதையைப் பிளேனிலயே விட்டிட்டு வந்திட்டன்” என்றாய். அந்த ஒரு வசனத்தை நம்பி நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உன்னோடு இருந்தேன்.

அந்த நாடு நமக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சமில்லை. கசக்கர்களின் மண்ணில் அப்போது கசக்கர்களே சிறுபான்மை. நம் மாடியில் ரஷ்யர் இருந்தார்கள், உக்ரைனியர் இருந்தார்கள், ஜெர்மன் பேசத் தெரியாத ஜெர்மானியர் இருந்தார்கள், தாத்தா காலத்தில் கிழக்குக் கோடியில் ரயிலேற்றிக் கொண்டுவந்து வெட்டவெளியில் இறக்கிவிடப்பட்ட கொரியர் இருந்தார்கள். ஒவ்வொருவரின் அடையாளப் புத்தகத்திலும் என்ன இனம் என்று எழுத ஒரு வரி உண்டு. அதைப் பார்த்த அன்று, “எங்கட ஆக்கள் வாயால விசாரிக்கிறதை இவை எழுதியே வச்சிருக்கினம்” என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ எந்தப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாய் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சந்தேகப்படக் காரணமும் இருக்கவில்லை. கடைசி வருடம், நாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை மொஸ்கோ தலைவராக அனுப்பியது என்று மாணவர்கள் சதுக்கத்தில் கூடினார்களே. அடித்துக் கலைத்த பிறகு, நம் அறைத் தோழன் ஏர்லானை விடுதியின் சாமான் அறையில் மூன்று நாள் ஒளித்து வைத்தவன் நீ. உன் சட்டைக்குள் பாணை மறைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாய். அதுவும் நீதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏர்லான் ஒரு மே விடுமுறைக்கு நம்மைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். ஒன்றரை நாள் ரயில், பிறகு கூட்டுப்பண்ணை லொறி. மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. புல், அதற்கு மேல் வானம். அவனுடைய தாத்தா அறுபதைத் தாண்டிய மனிதர். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் சின்ன வயதில் நடந்ததைச் சொன்னார். மேய்ச்சல் சனங்களை ஓரிடத்தில் குடியிருத்தப் போகிறோம் என்று அரசாங்கம் ஆடு மாடு குதிரை எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனது. பாலையும் இறைச்சியையும் நம்பியிருந்த சனம் பட்டினியில் செத்தது. தப்பியவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். அவர் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அந்த நாட்களில் இதை வெளியே பேசினால் வில்லங்கம். மந்தையை எடுத்தார்கள், பெயர்களை எடுக்க முடியவில்லை என்று சொல்லி, தன் பன்னிரண்டு தலைமுறையையும் தட்டாமல் ஒப்பித்தார். கசக்கன் என்றால் குறைந்தது ஏழு பாட்டன்மாரின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமாம். அந்த ஏழுக்குள் பெண் எடுக்கக் கூடாது, எல்லாரும் ஒரே இரத்தம். பெயர் தெரியாதவன் அநாதை மாதிரி. சொல்லி முடித்ததும் உன்னைப் பார்த்து, இப்போது நீ சொல் என்றார்.

நீ மூன்று பேரைச் சொல்லிவிட்டு நின்றாய். திதிக்கு ஐயர் கேட்பது மூன்று பேரைத்தான்; அதற்கு மேல் உனக்குத் தேவைப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு ஐயர் வருவதில்லை. அதனால் என் ஐயா ஆடி அமாவாசைக்குக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தானே பெயர் சொல்லித் தண்ணீர் விடுவார். மூன்றோடு நிறுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்த ஏழு பேரையும் சொல்வார். பக்கத்தில் நின்று நின்று எனக்கும் பாடமாகிவிட்டது. நீ உதடு அசையாமல் தமிழில், “நாலு பேர் தா மச்சான், மானம் போகுது” என்றாய்.

நான் என்னுடைய நாலாவது பாட்டனிலிருந்து தொடங்கினேன். வேலன் என்றேன். நீ கிழவரிடம் வேலாயுதர் என்றாய். பிறகு என் பக்கம் சாய்ந்து, “அடுத்தது?” என்றாய். முத்தன். அவரை முத்துக்குமாரர் ஆக்கினாய். “அடுத்தது?” கதிரன். “அடுத்தது?” சின்னான். நீ அவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பியது அன்று எனக்குப் பகிடியாகத்தான் பட்டது.

பிறகு என் முறை. மேலே இருந்த நாலு பேரையும் உனக்குக் கொடுத்துவிட்டதால் நான் மூன்றோடு நின்றேன். கிழவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆட்டுத் தலையில் கன்னத்து இறைச்சியை வெட்டி உனக்கு வைத்தார். எனக்குக் காது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதாம். திரும்பி வரும் லொறியில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “உன்ர பூட்டன்மாரை ஒருநாளைக்குத் திருப்பித் தாறன்” என்றாய். காது நன்றாக வேகவில்லை என்று சொல்லி நானும் சிரித்தேன்.

படிப்பு முடிந்தபோது ஊரில் சண்டை. திரும்பிப் போக முடியாமல் நான் ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து இலண்டனுக்கு வந்து, மிச்சம் என்ற இடத்தில் கடை போட்டேன். நீயும் இலண்டனில்தான், லூயிஷாமில், கவுன்சில் வேலையில். தமிழ்க் கூட்டங்களில் கசகஸ்தான் என்றால் உன்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். நன்றாகப் பேசுவாய். பட்டினியில் சிறுத்துப்போன இனம் எப்படிப் பெருகி மறுபடி பெரும்பான்மை ஆனது, தலைநகரை ஏன் அல்மாட்டியிலிருந்து வடக்கே காற்றடிக்கும் வெளிக்குக் கொண்டுபோனார்கள், எல்லாம் சொல்வாய். ஏறத்தாழ முப்பது வருடம் ஆண்ட ஜனாதிபதி பதவி விலகியதும் அந்தத் தலைநகருக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அன்று கடைக்குப் போன் எடுத்தாய். “பலகையில பேரை மாத்தலாம் மச்சான், சனத்தின்ர வாயில மாத்த ஏலாது” என்றாய். ஏழு பாட்டன்மார் கதையையும் மேடையில் சொல்வாய், ஏழு பேரையும் நீயே தடங்கலில்லாமல் சொன்னதாக. நான் இரண்டாவது வரிசையில் இருந்து கை தட்டினேன்.

பிறகு உன் மகனும் என் மகள் ஆரணியும் கலியாணம் செய்ய விரும்பினார்கள். சின்ன வயதிலிருந்தே பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் ஒன்றாகத் திரிந்த பிள்ளைகள். நீ ஒரு ஞாயிறு காலை தனியாக வந்தாய். அடுப்படி மேசையில் என் மனைவி தேநீர் வைத்தாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக நீ அதைத் தொடவில்லை.

“எனக்கு ஒண்டும் இல்லை மச்சான். எங்கட பக்கத்தில விசாரிப்பினம். பகுதி பாக்கிற சனம். ஏழு தலைமுறை சொல்லக்கூடிய குடும்பம் எங்கடது.”

பகுதி. சாதி என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் வைத்துக்கொண்ட மெல்லிய சொல். என் கண்ணைப் பார்த்தே சொன்னாய். இதோ சிரிக்கப் போகிறாய் என்று நான் காத்திருந்தேன், லொறியில் சிரித்த அந்தச் சிரிப்பு. அது வரவில்லை. ஒன்றில் நீ உண்மையிலேயே மறந்துவிட்டாய், அல்லது மறப்பது என்று தீர்மானித்துவிட்டாய். இரண்டில் எது மோசம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தையில் உன்னைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் ஆரணி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இங்கே பிறந்தவள். அந்தச் சொல் அவள் காதில் விழாமல் வளர்த்தது என் பெருமை. நீ போன பிறகு இறங்கி வந்து கேட்டாள்: “அப்பா, எங்கட ஆக்களில என்ன பிழை?”

ஒன்றுமில்லை என்றேன்.

உன் மகன் இரண்டு தடவை வந்து போனான், பிறகு வரவில்லை. அடுத்த வருடமே உங்கள் பக்கத்தில் அவனுக்குக் கலியாணம் நடந்தது. ஆரணி லீட்ஸில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். பொங்கலுக்கு வருவாள், இரண்டு நாள் நிற்பாள். என்னிடம் எதையும் கேட்பதில்லை.

நீயும் நானும் பிறகு பேசவில்லை. அல்மாட்டித் தெருக்களில் சனத்தைச் சுட்ட அந்தத் தை மாதம் உன்னை நினைத்தேன். அதே வருடம் தலைநகருக்குப் பழைய பெயரே திரும்பி வந்தது. செய்தியைப் பார்த்ததும் போனை எடுத்து உன் இலக்கத்தில் விரலும் வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி என்று சொல்லத்தான். பிறகு தொடாமல் கிடந்த தேநீர் ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

உன்னை எரித்த அன்று கடைசி வரிசையில் நின்றேன். செத்தவனைப் பற்றிக் குறை எழுதக் கூடாது என்பார்கள். நீ செய்தது துரோகம், மச்சான். என் பாட்டன்மாரை வாங்கி உன் வீட்டில் வைத்துக்கொண்டு, அதே பாட்டன்மாருக்காக என் பிள்ளையை வேண்டாம் என்றாய். என் சின்னானை உடையார் ஆக்கியிருக்கிறாய். உடையார் வீட்டு முற்றத்தில் தோளில் துண்டு போட அனுமதி இல்லாமல் நின்ற மனிதன் அவன். கிழவரின் சட்டப்படி உன் நடுப்பக்கத்தை நம்பினால் நம் பிள்ளைகள் ஒரே இரத்தம். அவரும் இந்தக் கலியாணத்தை மறித்திருப்பார். நீ சொன்ன காரணத்தைவிட அது எவ்வளவோ மரியாதையான காரணம்.

நேற்றுப் பின்னேரம் கடையை முன்னதாகவே பூட்டிவிட்டு ஆரணிக்குப் போன் எடுத்தேன். பகுதி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, கிழவர், ஆட்டுக் காது, உன் நடுப்பக்கம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில், “இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?” என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது என்றேன். போனில் ஏதோ சரசரத்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். பேனை தேடியிருக்கிறாள்.

“அந்த ஏழு பேரையும் சொல்லுங்கோ அப்பா. மெதுவாச் சொல்லுங்கோ, எழுதுறன்.”

என் ஐயா, அவருடைய ஐயா, அவருக்கும் ஐயா. மூன்று பேர் சுலபமாக வந்தார்கள். அதற்குப் பிறகு நின்றுவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு மற்ற நாலு பேரையும் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆடி அமாவாசைக்குச் சவுத்எண்ட் கடலில் கால் நனைத்து நிற்கும்போதும் மூன்றோடு திரும்பிவிடுவேன். கொடுத்தவன் கொடுத்ததை எடுத்துப் புழங்கக் கூடாது என்று ஒரு மடத்தனமான எண்ணம். நாற்பது வருடமாக நான் அவர்களைச் சொல்லாமல் சுமந்தேன். நீ அவர்களைச் சொல்லியே பெரிய மனிதன் ஆனாய்.

“அப்பா, லைனில நிக்கிறீங்களோ?” என்றாள்.

“வேலன்,” என்றேன். “வேலாயுதர் இல்லை. வேலன்.”

அவள் எழுதும் சத்தம் போனில் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, “அடுத்தது?” என்றாள்.