டஃபிக்கு வந்த அழைப்பு

டுலூத்,
ஜனவரி 9

அன்புள்ள பெவ்,

பிள்ளைகள் நலமா? ஏரி இன்னும் சரியாக உறையவில்லை என்று இங்கே ஆளாளுக்குப் புலம்பல்.

உங்கள் செல்லப்பிராணி மருத்துவமனைகள் மார்ச்சோடு எங்கள் மென்பொருள் சந்தாவை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. கையெழுத்து உன்னுடையது. வாடிக்கையாளர் விலகாமல் பார்ப்பதுதானே என் குழுவின் வேலை. "நிறுத்துற பட்டனை எங்கயாவது ஒளிச்சு வை, லின். தேடிச் சலிச்சுப் போய் இருந்துடுவாங்க" என்கிறார் மேலாளர் கிரெய்க். முடியாது என்றேன். அப்படியானால் வாடிக்கையாளர்கள் விலகுவது வசந்தத்துக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் குழுவையே கலைத்துவிடுவாராம்.

தோழிக்காக இரு என்று கேட்கவில்லை. ஏன் போகிறாய் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
லினெட்

பெமிட்ஜி,
ஜனவரி 15

லின்,

கேட்டாய், வாங்கிக்கொள். லிண்ட்குவிஸ்ட் என்ற பெரியவரின் நாய் டஃபி, இலையுதிர்காலத்தில் எங்களிடம்தான் இறந்தது. இறந்ததென்று பதிவும் செய்தோம். ஆனாலும் உங்கள் மென்பொருள் அவருக்கு மாதாமாதம், "டஃபி தடுப்பூசிக்குக் காத்திருக்கிறான்" என்று செய்தி அனுப்புகிறது. ஃபோனை நீட்டியபடி வரவேற்பு மேசை முன்னால் நின்று அழுதார் மனிதர். எங்கள் வரவேற்பாளர் கெய்லா உங்களை அழைக்கும்போதெல்லாம், "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம், நன்றி" என்ற பதில்தான்.

உன்மேல் கோபமில்லை. ஆனால் போகிறேன்.

பெவ்

டுலூத்,
பிப்ரவரி 2

அன்புள்ள பெவ்,

உன் கடிதத்தைக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் டார்னெல், "அந்தப் பொண்ணுகிட்ட பேசினது நான்தான். இஞ்சினியர்ங்க இருக்கிற மாடிக்கு நாம போகக் கூடாதுன்னு உத்தரவு. வேற என்னத்தைச் சொல்றது?" என்றான்.

"வாங்க, இப்பவே போவோம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு படியேறினேன். டார்னெலையே பேசவிட்டேன். தலைமைப் பொறியாளர் அந்தச் செய்தியைப் படித்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். மாலைக்குள் பிழை சரியாகிவிட்டது. கிரெய்க் மூச்சிரைக்க வந்து, "யாரைக் கேட்டு இவங்க மேல வந்தாங்க?" என்றார்.

"என்னைக் கேட்டு" என்றேன்.

நிறுத்தும் பட்டன் இப்போது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் மாறப்போகும் புது நிறுவனத்தில் உங்களுக்குச் சிரமம் வராதபடி பதிவுகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி அனுப்பியிருக்கிறேன். நல்லபடியாகப் போய் வா.

லினெட்

பெமிட்ஜி,
மார்ச் 24

என் அன்பு லின்,

உங்கள் டார்னெல் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு இங்கே வந்தான். லிண்ட்குவிஸ்டிடம் மன்னிப்புக் கேட்டான். அதோடு நிற்காமல், "டஃபி எப்படிப்பட்டவன், சொல்லுங்களேன்" என்றான். பெரியவர் மதியம்வரை பேசினார், நடுநடுவே சிரிக்கவும் செய்தார்.

அன்றே புது நிறுவனத்தாரை அழைத்து, பிடிக்காவிட்டால் எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். "ஏன் மேடம், இப்பவே அந்தப் பேச்சு?" என்று சிரித்து மழுப்பினார்கள். ஃபோனை வைத்துவிட்டு உங்கள் சந்தாவைப் புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்திட்டேன். விஷயம் கேள்விப்பட்டு பக்கத்து ஊர் பிரெய்னெர்டின் மருத்துவமனைக்காரர்களும் உங்களிடம் வருகிறார்கள்.

குழுவைக் கலைக்கவில்லையாமே. இன்னும் ஆள் சேர்க்கிறீர்களாம், டார்னெல் சொன்னான். குரலில் என்ன கர்வம் அவனுக்கு.

நட்புக்காகத் தங்கினேன் என்று யாரிடமும் சொல்லித் தொலைக்காதே. நட்புக்கு என்றால் ஒரு கேக் சுட்டு அனுப்பிவிட்டுக் கிளம்பியிருப்பேன். இது நீ ஜெயித்தது.

உன்,
பெவ்